எர்த் துளையில் குடியேற்றம்: மேல்பட்டாம்பாக்கத்து மண்கூடு ஒன்றைப் பற்றிய முதற்கட்ட ஆய்வு

ஆய்வுக்குரிய பொருள், மேல்பட்டாம்பாக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டின் சமையற்கட்டில், மிக்சி செருகும் பிளக் பாயிண்டின் எர்த் துளையை மூடிக்கொண்டிருந்தது. மண், கரும்பு வயல் வாய்க்கால் வண்டல். இவ்வாய்வாளர் மெயினை நிறுத்திவிட்டு ஸ்பூனோடு நெருங்கியபோது வீட்டுப் பாட்டி தடுத்துவிட்டார்.

தடைக்குக் கோட்பாட்டு அடிப்படை உண்டு. குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும். கூட்டைக் கலைப்பது பாவம். சிக்கல் என்னவென்றால், அவ்வீட்டில் வசிப்போர் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதியும் ஐடிஐ படிக்கும் பேரனும் மட்டுமே. சில நாளில் பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது. கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டதாகப் பாட்டி அறிவித்தார். கொல்லைச் சுவர் இரு வீட்டுக்கும் பொது என்பதைத் துணைச் சான்றாகக் கொள்க.

வேதாந்திகளின் கொள்கை வேறு. குளவி கொட்டக் கொட்ட, புழு அதையே நினைந்து நினைந்து குளவியாகிவிடுமாம். குருவும் சீடனும் அப்படித்தானாம். நடப்பது என்னவோ, கொட்டு வாங்கிய புழு செயலிழந்து கிடக்க, கூட்டில் இட்ட முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அதை உயிரோடு தின்று வளர்கிறது. கொட்டுவது கொல்வதற்கல்ல, கறி கெடாமல் இருப்பதற்கே என்று 1855இல் பிரான்சில் ஃபாபர் விளக்கினார். சீடனைக் குருவின் பிள்ளை தின்றுவிடும் ஏற்பாடு மடங்களில் உண்டா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி அடையாளம். வாய் விளிம்பு மடிந்த சின்னக் கலயமாக இருந்தால் அது குயவக் குளவியின் வேலை; உள்ளே பச்சைப் புழுக்கள் இருக்கும். சுவரில் விட்டெறிந்த சேற்றுக்கட்டியாகத் தெரிந்து, உள்ளே அறை அறையாகச் சிலந்திகளை அடைத்திருந்தால், மண் குளவி. சாம்பல் நிறக் காகித உருண்டையாகப் பனைமரத்தில் தொங்கினால் அது கதண்டு; அங்கே ஆய்வு மனப்பான்மையைக் கைவிட்டு 101க்குப் போன் செய்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதே முறை.

நமது கூட்டில் வட்டமாக ஒரு துளை விழுந்து, குடியிருந்தவர் வெளியேறியபின், பாட்டியின் அனுமதியோடு உடைத்தோம். காய்ந்த சிலந்திக் கால்கள். பழுப்பு நிறத்தில் ஒரு வெற்றுக் கூட்டுறை. ஐயமில்லை, மண் குளவிதான். நம் பக்கத்தில் பரவலாக உள்ள ஓர் இனத்துக்கு லின்னேயசின் மாணவர் ஃபப்ரீசியஸ் 1781இல் சூட்டிய பெயர் இன்று ‘ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம்’ என வழங்குகிறது. சென்னைக்காரர் என்று சொல்லிக்கொண்டு கடலூர் மாவட்டத்தில் வாடகையில்லாமல் தங்குவது இவரோடு தொடங்கிய வழக்கமல்ல.

துளையைக் கண்டால் விடாத குணம் உலகப் பொது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில், இந்த வகையைச் சேராத வேறொரு குளவி விமானத்தின் வேகமளக்கும் குழாயையே அடைத்துவிடுகிறது. விமானம் தரையில் நிற்கும்போது அக்குழாய்க்கு உறை போடுகிறார்கள். அதே முறையில் பிளக்குக்கும் பிளாஸ்டிக் மூடி போடலாம் என்று இவ்வாய்வாளர் பரிந்துரைத்தார். பாட்டி ஏற்கவில்லை. பக்கத்து வீட்டில் இன்னொரு பசுவும் இருக்கிறதாம்.