தீபமும் விண்கலமும்

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள் வரும் படத்துக்குக் கையாலேயே போஸ்டர் வரைய ஆசை. கணினிக் காலத்தில் எடுபடுமா?
– ஓவியம் பயிலும் மாணவி, கீழ்பென்னாத்தூர்

பதில்: கட்டாயம் எடுபடும், தங்கையே! வேற்றுக்கிரகவாசிகள் நமக்குப் பழைய உறவு. 1963-லேயே 'கலை அரசி' படத்தில் வந்து, பாட்டு கற்றுக்கொள்ள நாயகி பானுமதியைக் கடத்திப்போனார்கள். மீட்டு வர எம்.ஜி.ஆரே கிளம்ப வேண்டியிருந்தது! கணினி இல்லாத அந்தக் காலத்தில் சினிமா பேனர் ஓவியர்கள் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகத் துணியில் பெரிதாக்குவார்கள். உள்ளங்கையில் அடங்கும் முகம் தெருவையே பார்த்துச் சிரிக்கும்.

1982-ல் 'ஈ.டி.' என்ற ஹாலிவுட் படத்தின் போஸ்டரை வரைந்த ஜான் ஆல்வின், வேற்றுக்கிரக விரலைத் தொடும் மனிதக் கைக்குத் தன் மகளின் கையையே மாதிரியாக வைத்துக்கொண்டார். தூரத்து அதிசயத்துக்கு வீட்டிலேயே மாதிரி கிடைத்தது.

உங்களுக்கோ திருவண்ணாமலை பக்கத்திலேயே இருக்கிறது. அடர்நீலம் பூசிக் காயவிடுங்கள். பழைய பல்துலக்கியை நீர்த்த வெள்ளை வண்ணத்தில் தோய்த்து, கட்டைவிரலால் சுண்டுங்கள். வானம் முழுக்க நட்சத்திரம்! கீழே மலை, உச்சியில் கார்த்திகை தீபம், மேலே ஒரு விண்கலம். வழி கேட்டு வந்தவனுக்கு இதைவிட நல்ல விளக்கு எங்கே கிடைக்கும்? கணினியிடம் ஆயிரம் வண்ணம் இருக்கலாம். அந்த மலையைப் பார்த்து வளர்ந்த கண் உங்களிடம்தான் இருக்கிறது. வரையுங்கள்!