பெட்டிக்குள் புற்றுமண்

சத்தியமங்கலத்துப் பேரன் மெல்போர்னுக்குக் குடிபோகிறான். கோவை கிரைண்டருக்குச் சிக்கலில்லை. அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக்கை மாற்றினால் மாவாட்டலாம். விளக்குமாறு, வேப்பம்பட்டை, அவரை விதை என்றால்தான் ஆஸ்திரேலிய உயிரிப் பாதுகாப்பு அதிகாரி மோப்ப நாயோடு வந்து நிற்பார். மண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செருப்பின் அடியில் ஒட்டியிருந்தால்கூடப் படிவத்தில் சொல்லியாக வேண்டும்.

அமுச்சிக்கு, அதாவது அவன் பாட்டிக்கு, அந்த நாட்டுச் சட்டம் ஒரு பொருட்டா? பண்ணாரியம்மன் கோயிலில் திருநீறாகத் தருவதே புற்றுமண்தான். பொட்டலத்தைத் துணிகளுக்கு நடுவில் செருகிவிட்டார்.

"இதைப் படிவத்துல என்னன்னு எழுதுவே, சாமி?"

"மண்ணுன்னுதானுங்க அமுச்சி."

"மண்ணா? அம்மன்னு எழுது. எவன் தடுக்கறான்னு பாத்துக்கலாம்!"