தெரு ஆட்டத்துச் சட்டம்

குழந்தை மனசு வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் அண்மையில் குழந்தைகளோடு கோலி ஆடியவர்களாகத் தெரியவில்லை.

கள்ளங்கபடமற்ற பருவமாம். எங்கள் தெருவில் கள்ளம், கபடம் இரண்டிலும் பத்து வயதுக்குள் பட்டமே வாங்கிவிடுவோம். குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்ற கோலி, நான் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்புவதற்குள் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். "காத்துல உருண்டுச்சுடா" என்பான் எதிராளி, அம்மா மேல் சத்தியமாக. ஆகவே அந்த மனசு எனக்குத் திரும்ப வேண்டாம். அந்தச் சட்டம் வேண்டும்.

லண்டனில் எம்.சி.சி. 1788 முதல் கிரிக்கெட்டுக்கு விதி எழுதிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு 42 விதிகள். ஒன்றுகூட முருங்கை மரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் சந்தில் முருங்கையில் பட்டால் இரண்டு ரன். தாசில்தார் வீட்டு மாடியில் விழுந்தால் அவுட். பந்தை எடுத்து வருவதும் அடித்தவன் பொறுப்பு. முதல் பந்து ட்ரையல், ஸ்டம்பே எகிறினாலும் கணக்கில்லை. பேட்டுக்குச் சொந்தக்காரன் மூன்று முறை அவுட்டானால்தான் ஒரு அவுட். அநியாயம்தான். ஆனால் அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் நியாயத்தை வைத்து யாரும் பேட்டிங் செய்ய முடியாது.

யாராவது ஒருத்தனின் தம்பி மூக்கொழுக வந்து நிற்பான். விரட்டினால் அம்மாவைக் கூட்டி வருவான். சேர்த்தால் டீம் தோற்கும். அதற்குத்தான் ஒப்புக்குச் சப்பாணி: இரண்டு பக்கமும் ஆடலாம், அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை. எட்டு வயதுப் பையன்கள் இதை அரை நிமிடத்தில் தீர்த்துவிட்டு அடுத்த பந்துக்குப் போவார்கள். அலுவலகங்களில் இதே ஏற்பாட்டுக்கு 'ஆலோசகர்' என்று பெயர் வைத்துச் சம்பளமும் கொடுக்கிறோம்.

சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற உளவியலறிஞர் இந்த விஷயத்துக்காகவே பிள்ளைகளோடு கோலி ஆடினார். ஆட்டம் தெரியாதவர்போல, எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டுக் கேட்டு விதிகளை எழுதிக்கொண்டார். 1932-இல் புத்தகமாகவும் வந்தது. பொடிசுகள், விதி பெரியவர்கள் செய்தது, மாற்றவே கூடாது என்றன. ஆடும்போது மட்டும் இஷ்டத்துக்கு ஆடின. பத்து வயதைத் தாண்டியவர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாமே என்றார்கள். பியாஜே இன்னும் கொஞ்சம் பொறுத்து நாற்பதைத் தாண்டியவர்களையும் பார்த்திருக்கலாம். மாற்றவே கூடாது என்பதும், இஷ்டத்துக்கு ஆடுவதும் மறுபடி தலையெடுப்பதைக் குறித்திருப்பார்.

எங்கள் குடியிருப்பில் பதினெட்டு வீடு, பதினாலு கார் நிறுத்தும் இடம். முதல் மாடிக்காரரும் மூன்றாம் மாடிக்காரரும் தூணோரத்து இடத்துக்காகப் பேச்சை நிறுத்திப் பல தீபாவளி ஆகிறது. லிஃப்டில் ஒன்றாக மாட்டிக்கொண்டால், எத்தனை கிலோ தாங்கும் என்ற பலகையை ஆளுக்கொரு முறை படிப்பார்கள். இவர்களுடைய பேரன்கள் கீழே தினமும் காய் விடுகிறார்கள், இருட்டுவதற்குள் பழம் விடுகிறார்கள். மன்னிப்பு, பெருந்தன்மை என்று பெரிய பேச்செல்லாம் கிடையாது. ஒருத்தன் குறைந்தால் டீமுக்கு ஆள் பத்தாது, அவ்வளவுதான். தாத்தாக்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆள் குறைந்தாலும் சண்டை நன்றாகவே நடக்கிறது.

போன பொதுக்குழுவில் சொல்லிப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை சா பூ த்ரீ போடுவோம். மூன்று மூன்று பேராக நின்று உள்ளங்கையோ புறங்கையோ வைக்க வேண்டியது. மற்ற இருவரோடு சேராமல் தனியாக வைத்தவருக்கு இடம். செலவில்லை, வக்கீல் வேண்டாம். தோற்றவர் அடுத்த வருஷம் மறுபடி கையை நீட்டலாம்.

கூட்டத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர், "உறுப்பினர் ஒருவர் குலுக்கல் முறை பற்றிக் கருத்துத் தெரிவித்தார்" என்று நோட்டில் நாகரிகமாக எழுதினார். பக்கத்திலிருந்த மனைவி என் காலை மிதித்தாள். அடுத்த பொருள், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது.

முதல் மாடிக்காரர் மட்டும் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தொட்டவர், சாட்சிக் கையெழுத்து இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

"எல்லாம் சரி சார்," என்றார் காதோரமாக, "ட்ரையல் உண்டா?"