அப்பாவுக்கு முன் பிறந்த பிள்ளை

கேள்வி: ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ வீடியோ விளையாட்டில் முதல் பாகமா, இரண்டாம் பாகமா, எதை முதலில் ஆடலாம்? இரண்டாவது ஆமை வேகம் என்கிறான் என் தம்பி.

பதில்: இரண்டாவதையே முதலில் ஆடுங்கள். அது வந்தது 2018-இல், கதை நடப்பது 1899-இல். 2010-இல் வந்த முதல் பாகமோ 1911-இல் நடக்கிறது. அப்பாவுக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டான்!

தம்பி சொல்வது உண்மைதான். மானைச் சுட்டால் தோலை உரித்து, தோளில் சுமந்து, குதிரை முதுகில் போடும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கும் முதலில் எரிச்சல் வந்தது. ஆனால் சேறு போகத் தேய்த்து, கழுத்தைத் தட்டிக்கொடுத்து வளர்த்த குதிரை ஒரு சண்டையில் குண்டடிபட்டு விழுந்தபோது, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அவசரமாக ஆடியிருந்தால் அது எனக்கு வெறும் வண்டி. நாயகன் ஆர்தர் மார்கனின் இருமல் நம் நெஞ்சை அடைப்பதும் இந்த நிதானத்தால்தான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய உலகத்தைத் திறந்து வைத்துவிட்டு, கதைப் பணிகளில் மட்டும் சொன்ன வழியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் ‘தோல்வி’ என்று நிறுத்திவிடுகிறார்கள்.

பிறகு முதல் பாகத்துக்கு வாருங்கள். அதன் நாயகன் ஜான் மார்ஸ்டன் ஆற்றைக் கடந்து மெக்சிகோ மண்ணில் குதிரை ஏறும்போது, பின்னணியில் பாடகர் ஹோசே கொன்சாலஸ் பாடத் தொடங்குவார். பாட்டு முடியும்வரை குதிரையை விரட்டாதீர்கள், இறங்காதீர்கள். தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.