உப்புக்குக் குறைவில்லை, மழைக்கு ஏணி இல்லை

கேள்வி: நாலு பக்கமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது, குசினியில் உப்பும் கசிகிறது. மழையை மட்டும் காணோம். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று படித்தது பொய்யா?
– பேசாலை வாசகர்

பதில்: பொய் இல்லை, பாதிக் கதை. நம் ஊர்ச் சூட்டில் நீராவி மூலக்கூறு நொடிக்குச் சுமார் 600 மீற்றர் வேகத்தில் பறக்கிறது. அப்படிப் போகிறவரைப் படலையில் நின்று “இருந்திட்டுப் போவன்” என்று கூப்பிட்டு என்ன பயன்? குளிர்ந்தால் வேகம் குறையும், கூப்பிடுவதும் காதில் விழும். அப்போதும் முதல் துளி பிறப்பது இலேசல்ல. தண்ணீரின் நடுவே உள்ள மூலக்கூறை அயலவர் எல்லாப் பக்கமும் பிடித்திருப்பர். மேற்பரப்பில் உள்ளதற்குப் பிடி ஒரு பக்கம்தான். பத்திருபது மூலக்கூறு சேர்ந்த குஞ்சுத் துளியில் ஏறக்குறைய எல்லாமே மேற்பரப்பு. சேர்ந்த கையோடு கலைந்துவிடும். 1880-இல் ஸ்கொட்லாந்தின் ஜோன் எய்ட்கன் இதைக் கண்ணாடிக் கலத்தில் காட்டினார்: சாதாரண காற்றில் நீராவியை விட்டதும் வெண்புகார்; பஞ்சில் வடித்துத் தூசு நீக்கிய காற்றில் புகாரே இல்லை.

ஆக, துளிக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்த வேலைக்கு உப்பு நல்ல ஆள். நீர் நீரை இழுப்பதைவிட உப்பின் அயன்கள் அதை வலுவாக இழுக்கும். ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாகக் கரையும். உங்கள் குசினி டப்பாவே சாட்சி. அலையில் உடையும் குமிழிகள் காற்றில் உப்புத் துகளை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. மன்னார் வானத்தில் உப்புத் தூவினால் மழை வரும் என்பவர் கடலுக்கே உப்பு விற்கப் பார்க்கிறார். இங்கே பஞ்சம் குளிர்ச்சிக்கு. ஐஸ் போத்தல் ஒன்றை மேசையில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் வியர்க்கும். காற்றில் நீர் உண்டு, குளிரத்தான் வழியில்லை. காற்றுக் குளிர மேலே ஏற வேண்டும். தட்டைத் தீவில் ஏற்றிவிட மலை ஏது? தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளையும் சுற்றிவிட்டுச் சோளகம் தன் பாட்டில் போகிறது. “கார்த்திகையிலும் தீவு தட்டைதானே, அப்போது மட்டும் எப்படிப் பெய்கிறது?” என்று மடக்குவீர்கள். அப்போது வங்காள விரிகுடாத் தாழமுக்கம் மலையின் வேலையைப் பார்க்கிறது. காற்றைக் குவித்து மேலே தூக்குகிறது.

கேள்வி: 2011-இல் மன்னார்ப் படுகையில் கண்ட எரிவாயுவை அமுக்கித் திரவமாக்கி வீட்டுச் சிலிண்டரில் அடைத்தால் என்ன?
– தலைமன்னார் வாசகர்

பதில்: அடுப்புக் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும். மூலக்கூறு பெரிது, ஈர்ப்பும் கூட, அமுக்கினால் பணிந்துவிடும். இயற்கை வாயுவில் பெரும்பங்கான மெதேனின் ஈர்ப்பு நோஞ்சான். −82 பாகை செல்சியசுக்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. கப்பலில் ஏற்றவே −162 வரை குளிர்விக்கிறார்கள். அப்படியொரு சிலிண்டரைத் தோளில் சுமந்து வரும் தம்பிக்குக் கம்பளிச் சட்டை யார் வாங்கிக் கொடுப்பது?