சின்சியர் சிகாமணி

எந்த வங்கிக் கிளைக்குப் போனாலும் சிகாமணி சார் ஒருவர் இருப்பார். பெயர் மாறும், விபூதிக் கீற்றும் டிபன் கேரியரும் மாறா. காலையில் முதலில் வருபவரும் இரவு கடைசி ஃபேனை அணைப்பவரும் அவர்தான். லீவு எடுத்ததாக அவர் வீட்டிலேயே யாருக்கும் ஞாபகமில்லை.

ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒருவர் கையில் இருக்கவே கூடாது என்பது விதி. ஆனால், பையன் பள்ளிக்கூடத்தில் பேரன்ட்ஸ் மீட்டிங் என்று கிளம்பும் கேஷியர் தன் சாவியை நீட்டி, "உங்ககிட்ட இருந்தா பேங்க்ல போட்ட மாதிரி சார்" என்பார். சிகாமணிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். கிளையில் எல்லோருடைய பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும். அவருடையது எல்லோருக்கும் தெரியும். மாதம் பிறந்தால் மகள் பெயருக்குப் பின்னால் எண் மட்டும் ஒன்று கூடும். அப்புறம் கைரேகைக் கருவி வந்தது. "சார், ஒரு விரல்!" என்று குரல் வந்தால், காதில் போன், மறு கையில் டீ கிளாஸ் என்று வந்து, திரையைப் பார்க்காமலே விரலை வைத்துவிட்டுப் போவார். என்ன என்ட்ரி என்று கேட்கலாம்தான். "என்ன சார், என்மேல சந்தேகமா?" என்று யாராவது முகம் சுருங்கிவிட்டால்? திருடனைக்கூடச் சமாளித்துவிடலாம். மேனேஜரும் கேட்க மாட்டார். கேட்டால் வேலை தேங்கும், டார்கெட் போகும்.

2018இல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை விவகாரம் வெடித்தது. பதினோராயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மோசடி. வங்கிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட்டில் செய்தி போயிருக்கிறது, வங்கிக் கணக்கில் ஏறவில்லை. அதிகாரி ஒருவர் பல வருஷம் அதே கிளையிலேயே இருந்ததாகவும் பேப்பரில் வந்தது. படித்துவிட்டு சிகாமணி உச்சுக் கொட்டினார்: "பாவம், எவ்ளோ சின்சியரா உழைச்சிருப்பார்!"

2021இல் ரிசர்வ் வங்கி அவர் தலையில் கல்லைப் போட்டது. முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுதோறும், முன்கூட்டிச் சொல்லாமல், குறைந்தது பத்து வேலை நாள் தொடர்ந்து லீவில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அலுவலக மெயிலைத் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர்கள் தொடக் கூடாது. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால்தானே அடியில் இருப்பது தெரியும்? சிகாமணிக்கோ அது அவமானம். "இத்தனை வருஷ சர்வீஸுக்கு இதுதான் மரியாதையா?" என்று ஸ்வீட் பாக்ஸ் இல்லாத ரிடயர்மென்ட் போல விடைபெற்றார்.

மூன்றாம் நாளே பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்துவிட்டார். வாசலில் கன்மேன் சல்யூட் அடித்து, கவுன்ட்டரின் குட்டிக் கதவைத் திறந்துவிட்டார். அவருக்குப் பதிலாக வந்திருந்த பெண் அதிகாரி மட்டும் முறைத்தார்: "சார், உங்க ஐடியை இன்னும் முடக்கலையா?"

"அந்த ரிக்வெஸ்ட்டை நான்தாம்மா அனுப்பணும். நான்தான் லீவுல இருக்கேனே."