டிட் மேஷ்ட்ரு

நஞ்சன்கூட்டில் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க எல்லோருக்கும் கொஞ்சம் பயம். முகூர்த்தம் எப்போது என்று பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார். ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தி, வெற்றிலை பாக்கோடு கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சேலத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர். ரிட்டயரான பிறகும் கபிலா நதியை விட்டுப் போக மனமில்லை. தமிழ் வீடுகளில் 'டிட் சார்', கன்னட வீடுகளில் 'டிட் மேஷ்ட்ரு'. இந்த மாதிரி ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். சம்பளமில்லாத வாத்தியார், மணியடிக்காத பள்ளிக்கூடம்.

டீக்கடையில் யாராவது "ஐ டிட் நாட் வென்ட்" என்றால் போச்சு, டீ ஆறிவிடும்.

"ஏன் கண்ணு, தமிழ்ல 'போனவில்லை'ன்னா சொல்லுவே? 'போகவில்லை'ன்னுதானே? கன்னடத்துலயும் 'ஹோகலில்லா'தான். 'இல்லை' வந்து உட்கார்ந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வச்சிடுது. இங்கிலீஷ்ல 'டிட்' வந்துட்டா இறந்தகால மூட்டையை அது தூக்கிக்கும். 'கோ' கையை வீசிட்டு நடக்கலாம். ஒரு மூட்டைக்கு ரெண்டு கூலி எதுக்கு?"

சொன்னவன் காசு கொடுத்துவிட்டு நழுவுவான். ஆனால் மறுபடி 'டிட் வென்ட்' என்று அவன் வாயில் வராது.

உச்சரிப்பிலும் விட மாட்டார். ஆட்டோக்காரர் "வாக்கெட்" என்றால் இறங்கிக்கொள்வார். "ட் சத்தத்துல முடியற வினைக்குத்தான் 'இட்' வரும். வான்டட், நீடட். மத்ததுக்கு நுனி நாக்கால ஒரு 'ட்' தட்டினாப் போதும். வாக்ட், குக்ட்."

"அப்ப 'கோ'வுக்கு 'கோட்' ஏன் வரலை?" என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் மனிதர் உருகிப்போவார். "அது சொந்த இறந்தகாலத்தைத் தொலைச்சிடுச்சு கண்ணு. 'வெண்ட்'னு பக்கத்து வீட்டு வினை ஒண்ணு இருந்துச்சு. அதுகிட்ட 'வென்ட்'டை இரவல் வாங்கிச்சு. 500 வருஷம் ஆச்சு, திருப்பித் தரலை." சரியாகத் திருப்பிச் சொல்லும் குழந்தைக்கு ஒரு ரசபாளெ உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பழம், சும்மா கிடைக்காது.

கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். யானையின் கண்ணோயைத் தீர்த்ததற்காகத் திப்பு சுல்தான் 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்ததாகச் சொல்லப்படும் சாமி. எல்லோரும் நோய் தீர வேண்டுவார்கள். இவர் மட்டும் என் காதில் கிசுகிசுப்பார்: "நஞ்சு உண்ட ஈஸ்வரன். அந்த 'ட்' என்ன தெரியுமா? நன்னூல் சொல்ற த், ட், ற், இன், இந்த நாலுல ஒண்ணு. சாமி பேர்லயே இறந்தகாலம் இருக்கு, பார்த்தீங்களா?"

ஒரு நாள் இரண்டு பேரும் மைசூர் போகக் கிளம்பினோம். நஞ்சன்கூடு டவுன் ஸ்டேஷன் வாசலில் பூக்காரம்மாவின் பையன் ஓடிவந்தான். "மேஷ்ட்ரே, ட்ரெயின் கம்ட்!"

மேஷ்ட்ரு நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. "கம்ட் இல்லப்பா. கம், கேம். 'ஈடி' சேராத வினைங்க இருக்கே, அதெல்லாம் வீட்டுப் பெரியவங்க மாதிரி. யார் சட்டத்துக்கும் கட்டுப்படாது. எங்கே, சொல்லு."

"கேம்."

"முழுசா."

"ட்ரெயின் கேம்." பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். "ட்ரெயின் லெஃப்ட், மேஷ்ட்ரே."

இரண்டும் இலக்கண சுத்தம். பையிலிருந்து ரசபாளெயை எடுத்து அவன் கையில் வைத்தார் மேஷ்ட்ரு. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

மைசூருக்குச் சுமார் 25 கிலோமீட்டர், பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அங்கே காத்திருந்தவருக்குப் போன் போட்டு, "வி மிஸ்ட் த ட்ரெயின்" என்றேன். 'மிஸ்ஸெட்' என்று வாயில் வரவில்லை. அந்த மட்டுக்கும் மேஷ்ட்ரு நல்ல வாத்தியார்தான்.